கேபினெட்டோடு வரும் இலவசம்

பழைய அலுவலகக் கணினியிலிருந்து கழற்றிய கோர் ஐ5-4570, ஒரு எச்81 போர்டு, நாலு நாலு ஜி.பி.யாக இரண்டு டி.டி.ஆர்.3 ராம், புதிதாக ஒரு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி., புதிதாக ஒரு கேபினெட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் குறைந்த பட்ஜெட்டில் வீட்டுக்கு ஒரு கணினி வேண்டுமென்றால் ஏறக்குறைய இப்படித்தான் அமையும். பிராசஸர் 2013-ஐச் சேர்ந்தது. ஆனாலும் தமிழ்த் தட்டச்சு, வங்கி வேலை, பிள்ளைகளின் இணைய வகுப்பு என்று வாரக்கணக்கில் ஓடியும் எதிலும் திணறவில்லை. விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது; இந்தப் பிராசஸர் அதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்வதே சரியான வழி. இந்தப் பெட்டிக்கு இளமையைத் திருப்பித் தந்தது எஸ்.எஸ்.டி. ஒன்றுதான். அதிலும் ஒரு கவனம் தேவை. எச்81 போர்டின் நாலு சாட்டா இணைப்புகளில் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை, மற்றவை அதில் பாதி. அசெம்பிள் செய்யும் அவசரத்தில் கேபிள் எட்டுகிற இடத்தில் செருகிவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பாதி போய்விடும்.

இவ்வளவும் திருப்திதான். என் மனக்குறையெல்லாம் கேபினெட்டுக்குள்ளேயே திருகி வருகிற, கணினிக்கு மின்சாரம் வழங்கும் அந்த எஸ்.எம்.பி.எஸ். மீது. விலை குறைந்த கேபினெட்டுகளில் அது இலவசம்போல ஒட்டிக்கொண்டு வருகிறது. மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள அட்டவணையைத்தான் படிக்க வேண்டும். இன்றைய கணினியில் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, விசிறி எல்லாமே பெரும்பாலும் 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அந்த வரிசைக்கு நேரே 15 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 15, ஆக 180 வாட். வாங்குகிறவருக்கு உண்மையில் பயன்படுவது இந்த எண்தான். 450-ஐ எட்டிப்பிடிக்க 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளைக் கூட்டிக் காட்டுவார்கள். இந்தக் காலத்துக் கணினி அவற்றிலிருந்து கொஞ்சமே எடுத்துக்கொள்கிறது. கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: உள்ளே ஹீட்சிங்க்கும் காயிலும் கெப்பாசிட்டரும் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தால் பெட்டி கனக்கும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இந்தக் கணினிக்கு 180 வாட்டே தாராளம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிராசஸரின் வரையறுத்த வெப்ப அளவே 84 வாட். சாதாரண வேலையில் மொத்தப் பெட்டியும் அதைத் தொடுவதுகூட அபூர்வம். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வேலை மின்சாரத்தை அள்ளிக் கொடுப்பதோடு முடிவதில்லை. அதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும், மின்சாரம் தடைபடும் கண நேரத்தைத் தாண்ட வேண்டும், தான் செத்தாலும் மற்றவற்றைச் சாகடிக்காமல் சாக வேண்டும். ஏ.டி.எக்ஸ். விதிப்படி 12 வோல்ட் வரிசையில் ஏற்ற இறக்கம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதன் மேல் படியும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது, 5 வோல்ட்டில் அது 50 மில்லிவோல்ட். சாட்டா எஸ்.எஸ்.டி. அந்த 5 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தாங்கிக்கொள்ளும் காப்புக் கெப்பாசிட்டர்கள் மலிவான எஸ்.எஸ்.டி.களில் இருப்பதில்லை. ஆக, பழைய கணினிக்கு இளமை கொடுத்த ஒரே புதுப் பாகத்தை, பெட்டியிலேயே மிக மலிவான பாகத்தின் தயவில் விட்டுவைத்திருக்கிறோம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். கரண்ட் போன நொடியில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்க, கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிற வீடுகள் நிறைய. பழி எப்போதும் பேட்டரி மேல் விழுகிறது. மின்வாரியத்திலிருந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டருக்குச் சில மில்லி வினாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் கணினியை ஓட்டுவது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம். விதிமுறை கேட்பது ஏறத்தாழ 16 மில்லி வினாடித் தாக்குப்பிடிப்பு. மலிவுப் பெட்டியில் காசு மிச்சப்படுத்த முதலில் சுருக்குவது அந்தக் கெப்பாசிட்டரைத்தான். அதில் தேங்கும் ஆற்றலோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோடை மாலையில் ஏ.சி.கள் எல்லாம் ஓடி, 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு முன்பே காணாமல் போயிருக்கும். இன்வெர்ட்டரை யு.பி.எஸ். மோடில் வைப்பது மாறும் நேரத்தைக் குறைக்கும்; முதலில் அதைச் செய்து பார்க்க வேண்டும். அப்படியும் ரீஸ்டார்ட் ஆனால், பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகிக்கலாம்.

விலைதான் வலுவான ஆட்சேபம். தரமான 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கினால், அது பழைய பிராசஸருக்குக் கொடுத்ததைவிட அதிகமாகும். பிராசஸர் பழையதாக இருக்கலாம் என்றால், இதுவும் ஏன் பழையதாக இருக்கக் கூடாது? பிராசஸரில் தேய்வதற்கு ஏதுமில்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தேயும் பொருள் இருக்கிறது. மின்பகு கெப்பாசிட்டர்களில் பலவற்றுக்கு 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்பதே ஆயுள் கணக்கு. வெப்பம் 10 டிகிரி குறையும்தோறும் அது இரட்டிக்கும், ஏறினால் பாதியாகும். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள், எட்டு ஆண்டு அலுவலகத்தில் உழைத்த எஸ்.எம்.பி.எஸ். 19,200 மணி நேரத்தைக் கடந்துவிட்டது. தூசி அடைத்த விசிறியோடு அது எத்தனை டிகிரியில் வெந்தது என்று விற்கிறவருக்கும் தெரியாது. பெரிய கம்பெனிக் கணினிகளின் எஸ்.எம்.பி.எஸ்.கள் பிறவியில் தரமானவை என்பது உண்மை. ஆனால் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் போர்டுக்குப் போகும் இணைப்பு எட்டு பின். சந்தைப் போர்டு கேட்பது 24 பின். கன்வெர்ட்டர் கேபிள் போட்டு இழுத்துக்கட்டுவதைவிட, ராமையும் பிராசஸரையும் பழையதாக வாங்கி, மிஞ்சும் பணத்தை இங்கே போடுவதே மேல். கேபினெட்டையும் எஸ்.எம்.பி.எஸ். இல்லாத விலைக்குக் கேட்டு வாங்கலாம். சில கடைகளில் கழித்துக் கொடுப்பார்கள்.

நல்லதை வாங்கிய பின் ஒரு புகார் எழக்கூடும்: பழையதில் இல்லாத மெல்லிய ஷாக் இப்போது கேபினெட்டைத் தொட்டால் அடிக்கிறதே? தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில், கேபினெட்டின் தகடு ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில், மிகச் சிறிய மின்னோட்டத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும். விரலில் உறைப்பது அதுதான். மலிவுப் பெட்டியில் அந்த வடிகட்டியையே விட்டுவிடுவது வழக்கம். அதனால்தான் பல வீடுகளில் இத்தனை நாள் எதுவும் உறைக்கவில்லை. குறை வீட்டின் வயரிங்கில் இருக்கிறது, புதிய பாகத்தில் இல்லை. மூன்று பின் பிளக்கை எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் சொருகியிருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். அப்படியும் உறைத்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அவருடைய கூலியையும் இந்தக் கணினியின் பட்ஜெட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்.