இடம் மாறும் கருவிப்பட்டை

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குக் குபேர் அங்காடி என்றும் பெயர் உண்டு. 1963இல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் அது. அங்கே மீன் விற்கும் பக்கம் போனால் தராசும் அரிவாள்மணையும் இருக்கும். பூக்காரரிடமோ கட்டிய சரத்தை அளக்க முழங்கையே போதும். இடத்திற்கு ஏற்ற கருவி! கணிப்பொறியில் எழுத உதவும் சொற்செயலியிலும் இதைத்தான் செய்ய முயல்கிறார்கள். கர்ஸர் ஓர் அட்டவணைக்குள் நுழைந்ததும் வரிசையைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் பொத்தான்கள் தோன்றுகின்றன, வெளியேறினால் மறைகின்றன. இதுவே சூழலுக்கேற்ற கருவிப்பட்டை.

நோக்கம் நல்லதுதான். ஆனால் மார்க்கெட்டில் தராசு நம்மைத் தேடி ஓடி வருவதில்லை. அது இருக்கும் இடத்திற்கு நம் கால்கள் தாமே போகின்றன. பழகிய கையும் அப்படியே. பொத்தானின் படத்தைவிட அதன் இடத்தைத்தான் அது நினைவில் வைத்திருக்கிறது.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று ஒரு விலைப்பட்டியல் தயாரிப்பதாகக் கொள்வோம். அட்டவணைக்குள் போனவுடன் திரையின் அடியில் ஒரு பட்டை முளைக்கிறது. எழுதும் இடம் அந்த அளவுக்குக் குறுகுகிறது. கீழே ஒரு குறிப்பு எழுத வந்தால் பட்டை போய்விடுகிறது. உள்ளே, வெளியே, மீண்டும் உள்ளே என்று மாறும்போதெல்லாம் கண் அலைகிறது. பயன்படாத பொத்தானை மங்கலாக்கி அதே இடத்தில் விட்டு வைத்தால் போதாதா?

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000 இதைவிட ஒரு படி மேலே போயிற்று. நாம் அதிகம் தொடாத கட்டளைகளை மெனுவிலிருந்தே ஒளித்து வைத்தது. 2007 பதிப்பின் வேர்டில் அந்த மெனுக்களே போய்விட்டன. புதிய அமைப்பில் அட்டவணைக்குரிய தலைப்புகள் மற்றத் தலைப்புகளுக்கெல்லாம் கடைசியில் தோன்றின. எதையும் இடம் பெயர்க்கவில்லை. சிறிய விஷயம்தான், ஆனால் யோசித்துச் செய்தது.

லிப்ரே ஆபீஸிலும் பாராட்ட ஒன்று உண்டு. புதுச்சேரியில் ஒரே தாளில் தமிழும் பிரெஞ்சும் வருவது சகஜம். தமிழ்ச் சொல்லில் கர்ஸரை வைத்தால் எழுத்துருப் பெட்டி தமிழ் எழுத்துருவின் பெயரைக் காட்டுகிறது. பிரெஞ்சுச் சொல்லுக்குப் போனால் அதற்குரியதைக் காட்டுகிறது. பெட்டி நகர்வதில்லை, உள்ளிருப்பது மட்டும் மாறுகிறது.

கைப்பேசியில்தான் நிலைமை மோசம். ஆண்ட்ராய்டின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் வெட்டு, நகலெடு என்னும் பட்டை அதன் தலைமேல் மிதக்கிறது. சங்கராவின் விலையைத் திருத்த மேல் வரியில் உள்ள வஞ்சிரத்தின் விலையைப் பார்க்க வேண்டும். பட்டையோ சரியாக அந்த வரியின் மேலேயே வந்து உட்காருகிறது.