மாகிம் கடல்நீரும் நாவின் சோதனையும்

மக்கள் நம்பிக்கைகளைச் செய்முறைச் சோதனைக்கு உட்படுத்தும் எழுத்துகள் பலவும் ஒரு முன்முடிவோடு தொடங்குகின்றன: நம்பியவர் சோதிக்கவில்லை என்பதே அது. மும்பை மாகிமில் 2006 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்தது இம்முடிவை மறுக்கிறது.

அன்று அங்குக் கடல்நீர் இனிக்கிறதெனச் செய்தி பரவிற்று. தாராவியை ஒட்டிவரும் மித்தி ஆறு நகரக் கழிவோடு கடல்சேரும் இடம் அது. மாகிம் தர்காவில் அடங்கிய இறைநேசரின் அருள் என்றனர் பலர். மாநகராட்சி எச்சரித்தும் மக்கள் திரண்டு வந்து குடித்தனர், புட்டிகளிலும் நிரப்பிக்கொண்டனர்.

இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. ஆயின், நாவால் சுவைத்தறிதலும் சோதனையே அன்றோ? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மழைக்காலத்தில் வந்துசேரும் நன்னீர் அடர்த்தி குறைந்ததாதலின், கலக்குமுன் மேற்பரப்பில் மிதந்து பரவும். அறிவியலார் தந்த விளக்கத்தின் சாரமும் இதுவே. மேல்நீரை அள்ளியவர் நா பொய் சொல்லவில்லை. ஆழத்து நீரையும் முகந்து பார்த்திருந்தால், ஓதம் ஏறி வற்றும்போதெல்லாம் மீளச் சுவைத்திருந்தால் காரணம் புலப்பட்டிருக்கும். நோய்க்கிருமியை நா எவ்வாற்றானும் அறியாது. அபாயம் அங்கேதான் இருந்தது. மறுநாளே நீர் கரித்தது.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் அருந்தியதாகக் கூறப்பட்ட நிகழ்வு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அடியவர் கண்டதும் மெய்யே. கரண்டியில் பால் குறைந்தது. அறிவியலார் பாலில் நிறம் கலந்து ஊட்டினர், அவ்வளவே. பரப்பு இழுவிசையால் விளிம்பு கடந்த பால் சிலைமீது மெல்லிய படலமாய் வழிந்த தடம் நிறத்தால் தெரிந்தது. கண்டவரைப் பழிக்காமல் காட்சியை விளக்கிய சோதனை அது.

கழிமுகத்தின் இருவகை நீரையும் தமிழ் மரபு வேறுபடுத்தியே அறிந்திருந்தது. புகாரில் கடலாடியோர் பின்னர் ஆற்றுநீரிலும் படிந்தமையைப் பட்டினப்பாலை கூறும். இருநீராடலுக்கும் பயன் வேறு.

நம் நாட்டார் வழக்காற்றுக் களப்பணியோ நம்பிக்கைகளைத் தொகுக்கும் அளவிற்கு ஐயங்களைத் தொகுப்பதில்லை. "இதை நம்புகிறீர்களா?" என வினவுகிறோம், "எப்படிச் சோதித்தீர்கள், எத்தனை முறை?" என வினவுவதில்லை. மாகிமில் சுவைத்து, ஐயுற்று, புட்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியவர் ஒருவர் இருந்திருப்பின், அவர் கூற்றைப் பதிய நம் வினாநிரலில் இடமில்லை.