எனக்கு இரண்டு அப்பத்தாக்கள்

குடும்ப மரம் வரையும் மென்பொருள் எதைத் திறந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழர் கை அங்கேதான் தயங்கும். அப்பா பெயரை அதில் இட்டால் நானும் தம்பியும் ஒரு குடும்பம், அப்பா இன்னொரு குடும்பம், தாத்தா மூன்றாவது. கல்யாணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிக்கொண்ட அக்கா நான்காவது.

இந்தக் கட்டத்தின் ஊர் அமெரிக்காவின் யூட்டா. வம்சாவளி மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ‘கெட்காம்’ என்ற கோப்பு வடிவத்தை 1984இல் வெளியிட்டது அங்குள்ள மார்மன் திருச்சபை. இறந்த முன்னோருக்காகச் சடங்கு செய்வது அவர்கள் சமயக் கடமை. அதற்கு முன்னோர் பட்டியல் வேண்டும். அவர்கள் தேவைக்கு அவர்கள் தைத்த சட்டை அது.

சட்டை நமக்கு இறுக்கமாக இருந்தாலும் துணி நல்ல துணி. கெட்காம் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தே படிக்கலாம். திருச்சபை தன் சொந்த மென்பொருளான பி.ஏ.எஃப்.பை 2013இல் நிறுத்தியபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் கெட்காம் வழியே வேறு மென்பொருளுக்குக் குடிபெயர முடிந்தது. கரையானுக்கு இரையான வம்சாவளி நோட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உறவுமுறையில் நிலைமை இன்னும் சுவையானது. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனை எடுத்துக்கொள்வோம். அவருடைய அம்மா, அந்தத் தம்பதியின் பிள்ளைக்கு அப்பா வழியில் பாட்டி. அம்மா வழியில் கொள்ளுப்பாட்டி. தரவுத்தளம் இதைக் கண்டு குழம்புவதில்லை: ஒரே ஆள், இரண்டு தொடர்பு. குழப்பம் படத்தில்தான். முன்னோர் படத்தில் அந்தம்மாள் இரண்டு படிகளில் தோன்றுவார். பார்ப்பவர் பிழை என்று நினைத்துத் திருத்தக் கிளம்புவார். சித்தப்பா மகளையும் மாமன் மகளையும் ‘கசின்’ என்று ஒரே சொல்லில் அடைப்பது அதைவிட மோசம். ஒருத்தி தங்கை, மற்றவள் முறைப்பெண். எந்த வழி உறவு என்பது கோப்பிலேயே இருக்கிறது, மென்பொருளுக்குச் சொல்லத்தான் தெரியவில்லை. கிராம்ப்ஸ் போன்ற திறமூல மென்பொருளில் ஒவ்வொரு மொழியின் உறவுப் பெயர்களுக்கும் தனி நிரல் சேர்க்க இடம் உண்டு. ஆகவே இந்தக் குறை தீரக்கூடியது.

எனக்கு உண்மையான கவலை பகிர்வதில்தான். வீட்டு நோட்டில் தத்துப்பிள்ளை விவரமும் இரண்டாம் தாரமும் இருக்கும். யாரிடம் காட்டுவது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியாது. உயிரோடு இருப்பவர்களை மறைத்து அனுப்பும் வசதி கிராம்ப்ஸில் உண்டு, ஆனால் அது நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது. வாட்ஸ்அப் அவசரத்தில் எத்தனை பேர் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அனுப்பியதைத் திரும்பப் பெறவும் முடியாது. அப்பத்தா பிறந்த வருஷத்தை நான் ‘சுமார் 1930’ என்று குறித்திருந்தேன். ‘சுமார்’ என்று குறிக்க கெட்காமில் முறையான இடம் உண்டு. கோப்பைப் பார்த்துக் கையால் நகலெடுத்த உறவினர் அதை விட்டுவிட்டார். அவரிடமிருந்து வாங்கியவர்களுக்கு 1930 உறுதியான உண்மையாகிவிட்டது. பிறகு 1964ஆம் வருஷத்து நிலப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் அப்பத்தாவுக்கு வயது 40. பத்திரத்து வயதும் வேதவாக்கு அல்லதான், ஆனாலும் என் ஊகத்தைவிட மேல். ‘சுமார் 1924’ என்று திருத்தி, பத்திரத்தின் படத்தை இணைத்து, கோப்பை ஐந்து பேருக்கு அனுப்பினேன். படம் போய்ச் சேரவில்லை. பழைய கெட்காம் படத்தைச் சுமக்காது, அது என் கணினியில் இருக்கும் முகவரியை மட்டுமே சொல்லும். ஐவரில் இருவர் பழைய மரத்தின் மேலேயே புதிய கோப்பையும் ஏற்றிவிட்டார்கள்.

அவர்கள் கணினியில் இப்போது எனக்கு இரண்டு அப்பத்தாக்கள். ஒருத்தி மற்றவளுக்கு ஆறு வயது மூத்தவள்.