நாணய மதிப்பும் சொத்துத் தெரிவும்

நாட்டின் நாணய மதிப்பை அதன் ஏற்றுமதி இறக்குமதிகளே நிர்ணயிக்கும் என்பது நம் பாடநூல்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் கருத்தாகும். தேயிலை மலைகளின் நடுவே வாழும் பதுளை மாணவன் இதனை எளிதில் ஏற்பான். கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ஏறின் ரூபாய் வலுக்கும், இறங்கின் நலியும் என எழுதிப் புள்ளியும் பெறுவான். 2022ஆம் ஆண்டோ இவ்விடை போதாதெனக் காட்டிற்று.

1960களில் மண்டெலும் பிளெமிங்கும் மூலதன ஓட்டத்தையும் கணக்கிற் சேர்த்தனர். வட்டி உயரின் அயல்மூலதனம் வரும் என்பது அவர்தம் துணிபு. 2022 ஏப்ரல் 8இல் எமது மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை இடைநிறுத்தியது. ஆண்டிறுதியில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைக் கடந்தும் அவ்வாண்டில் மூலதனம் திரண்டு வந்ததில்லை. பணமுடையோன் வட்டியை மட்டுமன்றி இடரையும் நோக்குகின்றான். ஒரு சொத்தைத் தன் பிற சொத்துக்களோடு சேர்த்தே மதிக்கின்றான். 1952இல் மார்கோவிட்ஸ் உரைத்த இவ்வுண்மையைப் பேரினப் பொருளியலுட் கொணர்ந்தோர் நற்பணியே செய்தனர். ரூபாயும் ஒரு சொத்தே.

ஆயின் இவர்தம் நூல்களில் வரும் முதலீட்டாளர் பெரும்பாலும் பெருநிதி நிறுவனத்தார். ஊவாத் தோட்டத்திலிருந்து மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்ணாகச் சென்றவளும் தெரிவு செய்கின்றாள் என்பதை அவர்கள் கருதிலர். 2021 பிற்பகுதியில் டாலரின் விலை ஏறக்குறைய 203 ரூபாயில் இறுக்கிப் பிடிக்கப்பட்டது; வங்கிக்கு வெளியே அதனிலும் மிகுதியாகக் கிடைத்தது. பலர் உண்டியல் வழியை நாடினர். (அரசின் கடன்பத்திரத்திற்கும் இம்மறைவழிக்கும் ஒரே பெயர் வாய்த்தது வேடிக்கையே!) வங்கிவழி வந்த பணம் 2020இல் 710 கோடி டாலராக இருந்து, 2021இல் ஏறக்குறைய 550 கோடியாகக் குறைந்தது. இதனை நாட்டுப்பற்றின்மை என்றோருடன் யான் உடன்படேன். நிதி முகாமையாளன் செய்வதையே அவளும் செய்தாள்.

தெரிவே அற்றவர் நிலை வேறு. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக விதிக்கப்பட்ட தோட்ட நாட்கூலி 1000 ரூபாய், அன்று ஏறக்குறைய 5 டாலர். 2022 நடுவில் டாலர் 360 ரூபாயளவாகவே அக்கூலி 3 டாலருக்குங் கீழே சென்றது. கொழுந்து டாலரை ஒட்டி விலைபெற்றது. கொய்தவளின் கூலி 2024 வரை அசையவில்லை. உழைப்பாகிய தன் ஒரே சொத்தை அவள் எந்நாணயத்திற்கும் மாற்றவியலாள். சேமிப்பற்ற குடும்பங்களைக் கணக்கிற் கொள்ளும் ஆய்வுகள் அண்மையில் எழுந்துள்ளன. எம் உயர்தரப் பாடநூலில் அவை இன்னும் இடம்பெறவில்லை.