பேச்சு ஒன்று, விலை இரண்டு

2024 அக்டோபர் 3. புயல் புரட்டிப்போட்ட தென்கிழக்கு மாநிலங்களைப் பார்வையிடக் கிளம்பிக்கொண்டிருந்தார் அமெரிக்க அதிபர் ஜோ பைடன். வெள்ளை மாளிகை வாசலில் ஒரு கேள்வி: ஈரானின் எண்ணெய் நிலையங்களை இஸ்ரேல் தாக்கினால் ஆதரிப்பீர்களா? பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார் பைடன். அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார்; முடிக்காமலே நகர்ந்துவிட்டார். அன்று பிரென்ட் கச்சா எண்ணெய் ஏறக்குறைய 5% ஏறி நின்றது. உலகில் எந்தக் கிணற்றிலும் ஒரு பீப்பாய்கூடக் குறைந்திருக்கவில்லை. நான் இஸ்ரேலின் இடத்தில் இருந்தால் எண்ணெய் வயல்களை விட்டு வேறு வழிகளை யோசிப்பேன் என்று மறுநாள் அவரே விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

சந்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இதைத் தள்ளிவிட முடியாது. தினமும் தொலைக்காட்சியில் ஓடும் எண்ணெய் விலை, முன்பேர ஒப்பந்தத்தின் விலை. இனி வரப்போகும் மாதங்களில் கைமாறும் எண்ணெய்க்கு இன்று பேசும் தொகை அது. 2024இல் உலகம் எரித்த எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போனது. அதை அடைக்கவோ திறக்கவோ வழிசெய்யக்கூடிய ஒருவர் வாய் திறந்தால் வியாபாரி காதை மூடிக்கொண்டு உட்கார மாட்டார். விலை இறங்கும் என்று முன்கூட்டியே விற்றுவைத்தவர்கள் அலறியடித்துக்கொண்டு திரும்ப வாங்குகிறார்கள். தலைப்புச் செய்தியைப் படித்து நொடியில் ஆர்டர் போடும் மென்பொருள்கள் அந்த ஓட்டத்தை இன்னும் முடுக்குகின்றன. முடியாத வாக்கியத்துக்கும் முடிந்த முடிவுக்கும் உள்ள வித்தியாசம் அவற்றுக்கு அவ்வளவாகப் பிடிபடுவதில்லை.

அப்படியானால் தலைவர்கள் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023 மே மாதம் தோஹா மாநாட்டில் சவுதி எரிசக்தி அமைச்சர் இளவரசர் அப்துல்அஜீஸ் பின் சல்மான், விலைச் சரிவின் மீது பந்தயம் கட்டுபவர்களைக் கவனமாக இருக்கச் சொல்லி வெளிப்படையாக எச்சரித்தார். இரண்டு வாரம் முடிவதற்குள் நாளொன்றுக்கு 10 லட்சம் பீப்பாய் உற்பத்தியைத் தாமாகவே குறைப்பதாக சவுதி அறிவித்தது. இதைச் சந்தையைக் குழப்பிய பேச்சு என்பதைவிட முன்னறிவிப்பு என்பதுதான் நியாயம். ஆனால் இடையிலேயே ரஷ்யத் துணைப் பிரதமர் நோவாக், புதிய முடிவு எதுவும் வராது என்கிற தொனியில் பேச, விலை 3%க்கு மேல் விழுந்தது. எண்ணெய் உற்பத்தி நாடுகளின் ஒபெக் கூட்டணிக்கு இரண்டு தூண்கள், ஒரே வாரத்தில் இரண்டு பேச்சு!

பேச்சுக்கு ஆதரவாக வாதாடுபவர்களுக்குக் கையில் கிடைத்த மிகப் பெரிய சான்று 2020 ஏப்ரல் 2. கொரோனாவால் விமானங்கள் தரையிறங்கி, சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த நேரம். போதாக்குறைக்கு சவுதியும் ரஷ்யாவும் விலைப் போரில் இறங்கியிருந்தன. சவுதி பட்டத்து இளவரசருடன் பேசினேன், அவர் புதினுடன் பேசியிருக்கிறார், ஒரு கோடி பீப்பாய் அளவுக்குக் குறைப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன் என்று அன்றைய அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்வீட் போட்டார். அடுத்த ட்வீட்டில் அது ஒன்றரைக் கோடி ஆனது. அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒரே நாளில் சுமார் 25% எகிறியது; அதுவரை கண்டிராத ஏற்றம். அப்படியொரு உரையாடலே நடக்கவில்லை என்று கிரெம்ளின் மறுத்தது. ஆனாலும் பத்து நாளில், நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைக்க ஒபெக் கூட்டணி சம்மதித்தது.

சொன்னபோது உண்மையில்லை, பிறகு ஏறக்குறைய உண்மையானது. ஊரறிய ஓர் எண்ணைச் சொல்லிவிட்டதால் பின்வாங்குவது மற்றவர்களுக்குக் கடினமாயிற்று என்று இதைப் பாராட்டலாம். அந்தப் பாராட்டில் பாதியைத் தரத் தயார். மீதிப் பாதியை ஏப்ரல் 20 பிடுங்கிக்கொண்டது. அன்று அதே அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஓக்லஹோமாவின் குஷிங் நகரத் தொட்டிகளில் இடமில்லை என்ற நிலையில், எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவருக்குக் கையில் காசும் கொடுக்க நேர்ந்தது. ட்வீட்டை நம்பி வாங்கி, கடைசிவரை வைத்திருந்தவர் கதி என்னவாகியிருக்கும்?

இதைவிடப் பெரிய சேதம் 2018இல் நடந்தது. அது அதிகம் பேசப்படுவதில்லை. ஈரான் அணுசக்தி ஒப்பந்தத்திலிருந்து விலகிய அமெரிக்கா, அந்நாட்டின் எண்ணெய் ஏற்றுமதியைப் பூஜ்யமாக்கப் போவதாக மாதக்கணக்கில் முழங்கியது. அந்த வாய்ச்சொல்லை நம்பி சவுதி உற்பத்தியைக் கூட்டியது. அக்டோபர் தொடக்கத்தில் பிரென்ட் 86 டாலரைத் தாண்டியது. நவம்பரில் தடை அமலுக்கு வந்தபோது இந்தியா, சீனா உட்பட எட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆறு மாத விலக்கு! அமெரிக்காவின் ஷேல் பாறை எண்ணெய் உற்பத்தியும் பொருளாதார அச்சமும் சேர்ந்துகொள்ள, ஆண்டு முடிவில் விலை 50 டாலர் அளவுக்குச் சரிந்தது. ஒரு நாள் துள்ளல் மறந்துபோகும். நம்பி உற்பத்தித் திட்டத்தையே மாற்றியவர் பட்ட அடி மறக்காது. டிசம்பரில் ஒபெக் கூட்டணி 12 லட்சம் பீப்பாயைக் குறைத்தது. அதன் பிறகு விலையைக் குறை என்று வாஷிங்டன் மறுபடி மறுபடி கேட்டும் சவுதி ஏன் அசையவில்லை என்பதற்கு இங்கேயும் ஒரு காரணம் இருக்கிறது.

சந்தையும் மெல்லப் பாடம் படிக்கிறது. 2025 அக்டோபர் 15 அன்று, ரஷ்ய எண்ணெய் வாங்குவதை நிறுத்துவதாக மோடி உறுதியளித்தார் என்றார் டிரம்ப். அப்படியோர் உரையாடல் நடந்ததாகத் தெரியவில்லை என்றது டெல்லி. மறுநாள் காலை ஒரு சதவீத அளவுக்கு ஏறிய விலை, புதினை புடாபெஸ்டில் சந்திப்பேன் என்று டிரம்பே சொன்னதும் இறங்கிப்போனது. அந்தச் சந்திப்பும் நடக்கவில்லை. அடுத்த வாரம் ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட், லூக்காயில் எண்ணெய் நிறுவனங்கள்மீது அமெரிக்காவின் முறையான தடை ஆணை வந்தபோதுதான் விலை 5% ஏறியது.

கம்பெனி முதலாளி இப்படிப் பேசினால் என்ன ஆகும்? டெஸ்லாவைத் தனியார் கைக்கு மாற்றப் பணம் தயார் என்று 2018இல் ட்வீட் போட்ட எலான் மஸ்க் 2 கோடி டாலர் அபராதம் கட்டினார். கம்பெனியும் தனியாக அதே தொகையைக் கட்டியது. அமெரிக்க மத்திய வங்கி அதிகாரிகள், கூட்டத்துக்கு முந்தைய சுமார் பத்து நாட்கள் வட்டி பற்றிப் பொதுவில் வாய் திறப்பதில்லை. எண்ணெய் பற்றிப் பேசும் அதிபருக்கும் அமைச்சருக்கும் அபராதமும் இல்லை, மௌன காலமும் இல்லை. குறைந்தபட்சம் ஒபெக் கூட்டத்துக்கு முந்தைய சில நாட்களாவது எண்ணெய் அமைச்சர்கள் மௌனம் காக்கலாம். அதிபர்களிடம் அதை எதிர்பார்ப்பது பேராசை.

இத்தனை குலுக்கலும் பெட்ரோல் பங்க் வரை அப்படியே வந்து சேர்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆசியாவின் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் சவுதியிடம் நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கும் எண்ணெய்க்கு ஓமன், துபாய் வகைகளின் மாதச் சராசரியே அடிப்படை. ஒரு நாள் துள்ளல் முப்பது நாளில் கரைந்துவிடும். ஒவ்வொரு கப்பலாக உடனடிச் சந்தையில் வாங்குபவருக்கு அந்தச் சலுகை கிடையாது; அவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் சில நாட்களின் சராசரிதான். 2022 மார்ச் 6 அன்று, ரஷ்ய எண்ணெய்க்குத் தடை விதிப்பது பற்றி ஐரோப்பாவுடன் பேசிவருகிறோம் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் சொன்னார்; பிரென்ட் 139 டாலரைத் தொட்டது. மூன்றே நாளில், உற்பத்தியைக் கூட்டுவதை ஆதரிக்கிறோம் என்று வாஷிங்டனிலிருந்த அமீரகத் தூதர் ஒரு வார்த்தை சொல்ல, ஒரே நாளில் 13% விழுந்தது. டாலருக்கு அல்லாடிய இலங்கையில் மக்கள் எரிபொருள் வரிசையில் நின்ற மாதம் அது. அந்த மூன்று நாட்களில் விலை நிர்ணயமான கப்பலுக்கும் அடுத்த மூன்று நாட்களில் நிர்ணயமான கப்பலுக்கும் இடையே பீப்பாய்க்குப் பத்து டாலருக்கும் மேல் வித்தியாசம் இருந்திருக்கும்.