செய்தித்தாளில் சிரித்த முகங்கள்

ஜாய் கோகாவாவின் ‘ஒபாசான்’ (1981) நாவலில் பழைய செய்தித்தாள் நறுக்கு ஒன்று வருகிறது. பீட்ரூட் குவியலின் அருகே ஒரு ஜப்பானியக் குடும்பம் சிரித்தபடி நிற்கிறது. பண்ணை வேலையில் இவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்கிறது செய்தி. அதைப் பார்க்கும் கதைசொல்லி நவோமிக்கு, கனடாவின் ஆல்பர்ட்டா வயல்களில் கழிந்த பிள்ளைப்பருவம் நினைவுக்கு வருகிறது: குடியிருக்கக் கிடைத்த கோழிக்கூண்டு போன்ற குடிசை, மொய்க்கும் ஈக்கள், வெயிலில் முறியும் முதுகு. கோகாவா அந்தச் செய்தியை மறுத்து வாதாடவில்லை. நறுக்கையும் நினைவையும் அருகருகே வைக்கிறார், அவ்வளவுதான். பொய் தானே உதிர்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கனடா அரசு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேரைப் பசிபிக் கரையிலிருந்து வெளியேற்றியது. பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள். அவர்களின் படகுகளும் வீடுகளும் சம்மதம் கேளாமலே விற்கப்பட்டன. போர் முடிந்த பிறகும் 1949 வரை அவர்கள் கரைக்குத் திரும்ப முடியவில்லை. கோகாவாவும் அப்படி அனுப்பப்பட்ட குழந்தைதான்.

இந்த வரலாற்றை அவர் இரண்டு பெண்களிடம் பிரித்துக் கொடுத்திருப்பது தேர்ந்த கலை. நவோமியின் எமிலி சித்தி கடிதங்களும் ஆவணங்களும் சேர்த்து வைத்து நியாயம் கேட்கிறவள். நாவலுக்குப் பெயர் தந்த பெரியம்மா வாயே திறப்பதில்லை. ஆனால் கரையிலிருந்து வெளியேற்றும் ரயிலில், பச்சைக் குழந்தையோடு ஏதுமற்று உட்கார்ந்திருக்கும் தாய்க்குப் பழமும் துண்டும் துணியில் முடிந்து கொடுப்பவள் அவள்தான். இன்னொரு கிழவி தன் உள்பாவாடையையே கழற்றிக் குழந்தைக்கு அணையாடையாகத் தருகிறாள். ஒரு கண்டனச் சொல் இல்லை. அந்தத் துணியைக் கண்டதும், எத்தனை அவசரமாக இவர்களை விரட்டினார்கள் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

இன்னொரு காட்சியில் வெள்ளைக் கோழி ஒன்று மஞ்சள் குஞ்சுகளைக் கொத்திக் கொல்கிறது. நவோமியின் அம்மா பதறாமல் குஞ்சுகளை மீட்கிறாள். நிறங்கள் தற்செயலல்ல என்பதைக் கண்டுகொள்ளும் வேலையை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

நாவலின் கடைசிப் பக்கங்கள் கதையே அல்ல. ஜப்பானியக் கனடியர்களை நாடுகடத்தும் ஆணைகளை எதிர்த்து, 1946இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட உண்மையான மனு. முதல் பக்கத்தில் இருந்திருந்தால் அதைப் புரட்டித் தள்ளியிருப்போம். ரயிலையும் வயலையும் கடந்து வந்தபின், அந்த வறண்ட சட்ட நடையில் ஒவ்வொரு வாசகத்தின் பின்னாலும் ஆட்கள் நிற்கிறார்கள்.