மூன்று விரல் நுரை

பில்சென் நகரில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துவந்த நாட்களில், பகல் முழுவதும் இரும்பின் ஓசைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நடுவே நின்றுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு தெருவுக்கு வந்து, முதல் திருப்பத்திலிருந்த மதுச்சாலையின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும், எதிரே பித்தளைக் குழாயின் முன் நின்று பீர் வார்த்துக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரின் கைகளைக் காண்பதே எனக்குப் பாதிச் சிரமபரிகாரமாக இருந்தது. மற்றப் பாதி குவளைக்குள் இருந்தது.

பீரின் பெருமையெல்லாம் காய்ச்சுபவரையே சேரும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். வார்ப்பவருக்கும் அதில் சம பாத்தியதை உண்டு என்பதை அந்த முதியவரைப் பார்த்தே அறிந்தேன். குவளையை முதலில் குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பார். பிறகு அதைச் சாய்த்துப் பிடித்து, குழாயின் மூக்கை உள்ளே விட்டு, பிடியைச் சற்றே திறப்பார். முதலில் வருவது பீரன்று, நுரை. வெண்ணெய்போல ஈரமும் கனமும் கொண்ட அந்த நுரை மூன்று விரல் அளவு சேர்ந்ததும் பிடி முழுவதும் திறக்கும். பொன்னிறப் பானம் நுரையின் கீழே புகுந்து, அதைக் கலைக்காமல் விளிம்புவரை ஏந்திச் செல்லும். நம்மூரில் காப்பியை உயரத் தூக்கி ஆற்றுகிறோமே, அதற்கு நேர்மாறான வித்தை இது: அங்கே பானம் விழுகிற வேகத்தில் நுரை பிறக்கிறது, இங்கே நுரை முன்பே பிறந்து, பின்னால் வருகிற பானத்துக்குக் காற்றுப் படாமல் குடை பிடிக்கிறது.

இந்த நியாயம் எனக்கு முதலில் விளங்கவில்லை. கொடுத்த காசுக்கு நுரையா என்ற எண்ணத்தில், நுரையில்லாமல் நிரப்பித் தருமாறு ஒருநாள் கேட்டேன். அவர் மறுபேச்சின்றி அப்படியே வார்த்து வைத்தார். அதன் பக்கத்தில், நான் கேளாமலே, நுரையோடு கூடிய இன்னொரு குவளையையும் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பருகினேன். கால் மணி நேரத்துக்குள் நுரையற்றது ஓசையடங்கி, மணமும் மங்கி, வெறும் கசப்பாகிவிட்டது. மற்றதோ கடைசி வாய்வரை உயிரோடிருந்தது.

அந்தக் கசப்பையும் மணத்தையும் காப்பாற்ற இவ்வளவு பிரயாசை தகும் என்பதற்கு அந்த ஊரின் சரித்திரமே சாட்சி. 1838-ல், கெட்டுப்போன பீர் 36 பீப்பாய்களை நகர மண்டபத்தின் முன்னே கொட்டிக் கவிழ்த்தவர்கள் அவ்வூர்க்காரர்கள். அந்த அவமானம் பொறாமல், பீர் காய்ச்சும் உரிமை பெற்றிருந்த குடிமக்கள் ஒன்றுகூடிப் புதிய ஆலை ஒன்றை எழுப்பி, பவேரியாவிலிருந்து யோசெப் க்ரோல் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் தமது முதல் காய்ச்சலைத் தொடங்கினார். கருகாமல் இதமாக உலர்த்திய பார்லி முளை, ஜாட்டெட்ஸ் வட்டாரத்தின் பரிமளம் மிக்க ஹாப் பூ, பாறைக் குடைவறைகளின் குளிரில் நிதானமாக நொதிக்கும் ஈஸ்ட், இவையனைத்துக்கும் மேலாக, உப்புக்கள் மிகக் குறைந்த அவ்வூர் மென்னீர் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தபோது, அதுவரை கருமையும் கலங்கலுமாயிருந்த பானம் தெளிந்த பொன்னாக வெளிவந்தது. கடின நீரில் ஹாப்பின் கசப்பு நாக்கைச் சுரண்டும். மென்னீரில் அது உருண்டு, மெருகேறி, தொண்டையில் இறங்கியபிறகே தன் பெயரைச் சொல்லும். இன்று உலகெங்கும் பருகப்படும் வெளிர்நிற பீர்களில் பெரும்பாலானவை அந்தப் பானத்தின் வம்சமே.

குளிர்ச்சியைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. 7 பாகை சென்டிகிரேடு போதும். பனி படிந்த குவளையில் நாக்கு மரத்துப்போகுமளவு குளிரவைத்துக் குடிப்பவர்கள் தாகத்தைத் தணித்துக்கொள்கிறார்கள். பீரை அவர்கள் ருசிப்பதில்லை. வேலை முடிந்த உடம்புக்கு அந்த வேகம் சுகமாகத் தோன்றுவது வாஸ்தவந்தான். ஆயினும் பூவின் வாசனையும் முளையின் இனிப்பும் மேலெழும்ப இம்மியளவு வெம்மை வேண்டும்.

முதல் குவளைக்கு நான் விரும்புவது ஹ்லாடிங்கா என்ற மூன்று விரல் நுரைதான். பாதிக்குமேல் நுரையாக வரும் ஷ்னிட், நண்பரோடு பேச்சு நீளும்போது உகந்தது. அளவு குறைவு, புதுமை அதிகம். செக் மொழியில் பால் என்று பொருள்படும் ம்லீகோ, குவளை முழுவதும் நுரையாகவே வருவது. அது பானமாகக் கரையுமுன் ஒரே மூச்சில் பருகிவிட வேண்டும். அத்தனை ஹாப்பையும் மீறி அது நாவுக்கு இனிப்பாகவே படும் அதிசயத்தை அனுபவித்தாலன்றி நம்ப இயலாது. விடைபெறுகிற வேளைக்கு அதைவிட நல்லதொன்றை நான் அறியேன்.

பிராகு நகரில் ஹுசோவா தெருவிலுள்ள ‘தங்கப் புலி’ மதுச்சாலைக்கும் ஒருமுறை யாத்திரைபோலச் சென்றுவந்தேன். நிம்பர்க் பீர் ஆலையில் வளர்ந்த எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபால் நித்தியம் அமர்ந்திருந்த இடம் அது. 1994-ல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனை, செக் ஜனாதிபதி ஹாவெல் அழைத்துச் சென்றதும் அங்கேதான், அந்த எழுத்தாளரின் மேஜைக்கு. எழுத்தாளர் மாளிகைக்கு அழைக்கப்படாமல், மாளிகையே அவர் மேஜைக்கு வந்ததை எண்ணி நெடுநேரம் அமர்ந்திருந்தேன். பரிசாரகர் துண்டுக் காகிதத்தில் குவளைக்கொரு கோடாகப் பென்சிலால் இழுத்துவைத்திருந்தார்; என் கணக்கில் இரண்டு.

என்றாலும் பில்சென் முதியவரின் ஒரு வழக்கத்தை அங்கே காணவில்லை. துப்புரவான கண்ணாடியில் நன்றாக வார்த்த பீரை ஆற அமரப் பருகினால், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நுரை வளையம் உட்சுவரில் படிந்து நிற்கும். காலியான என் குவளையைக் கழுவுமுன் அவர் அதை விளக்குக்கு நேரே உயர்த்தி, அந்த வளையங்களை மேலிருந்து கீழாகக் கண்ணால் எண்ணிவிட்டு, பிறகே நீரில் முக்குவார்.